கூப்பிட்ட மேடையிலேயே கேட்ட கேள்வி: கேம்பிரிட்ஜ், 1961

ஒரு பெரியவரின் பெயரால் சொற்பொழிவு வரிசை நடக்கிறது. அவர் உயிரோடு இருக்கிறார், அதே ஊரில்தான் வாழ்கிறார். வயது 85ஐத் தொடப்போகிறது. பேச வந்தவர் தொடக்க உரையிலேயே அந்தப் பெரியவரின் நூலைக் கையில் எடுக்கிறார். துப்பறியும் கதையைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கிறவர்கள் உண்டல்லவா, அதுபோல இவருடைய மூன்று தொகுதி நூலின் முடிவுப் பக்கங்களை முதலில் புரட்டுங்கள் என்கிறார். ஆசிரியர் எந்தக் கட்சியின் மரபில் வளர்ந்தவர், எந்த இடத்தில் நின்றுகொண்டு எழுதினார் என்பது அங்கே பட்டவர்த்தனமாகத் தெரியும் என்கிறார். அதிலிருந்து ஒரு விதியும் சொல்கிறார்: வரலாற்று நூலைப் படிக்குமுன் அதை எழுதியவரைப் படி.

இதை முதன்முதலில் படித்தபோது எனக்குச் சிலிர்த்தது. பெரியவர் ஜார்ஜ் மெக்காலே டிரெவெல்யன். பேசியவர் எட்வர்ட் ஹாலெட் கார். இடம் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம். 1961 ஜனவரியிலிருந்து மார்ச் வரை ஆறு உரைகள். பிறகு அவை ‘வரலாறு என்றால் என்ன?’ என்ற நூலாகி, உலகெங்கும் வரலாற்று மாணவர்கள் கையில் ஏறின. நம் ஊரில் முதுகலை வரலாறு படித்தவர்கள் வரலாற்று வரைவியல் (வரலாறு எப்படி எழுதப்படுகிறது என்ற படிப்பு) தாளுக்காக அதைப் புரட்டியிருப்பார்கள், அல்லது அதன் சுருக்கத்தையாவது மனப்பாடம் செய்திருப்பார்கள். நானும் அப்படித்தான் அதைத் தேர்வுக்காகப் படித்தேன். அது மேடையில் பேசப்பட்ட பேச்சு என்பது வெகுகாலம் என் மனத்தில் உறைக்கவே இல்லை.

ஒரு கல்லூரியின் வரலாற்றுத் துறையில் ஆண்டுதோறும் நடக்கும் அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு நான் பொறுப்பு. அழைப்பிதழ் அடிப்பதிலிருந்து நன்றியுரைக்கு ஆள் பிடிப்பது வரை என் வேலை. ஒரு துறை நடத்தும் பொதுச் சொற்பொழிவு எப்போது அந்த அரங்கத்தைத் தாண்டி உயிர்வாழ்கிறது என்ற கேள்வி சில ஆண்டுகளாக என்னை விடாமல் தொடர்கிறது. அதற்காகவே இந்த ஆறு உரைகளையும், இம்முறை பேச்சாகவே எண்ணிக்கொண்டு, திரும்பப் படித்தேன்.

யாரைக் கூப்பிட்டார்கள்

கார் வரலாற்றில் பட்டம் பெற்றவரே அல்லர். கேம்பிரிட்ஜில் கிரேக்கமும் லத்தீனும் படித்தார். 1916 முதல் 1936 வரை 20 ஆண்டுகள் பிரிட்டிஷ் வெளியுறவுத் துறையில் வேலை. அப்புறம் வேல்ஸில் அபெரிஸ்ட்வித் கல்லூரியில் பன்னாட்டு அரசியல் பேராசிரியர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ‘தி டைம்ஸ்’ நாளிதழில் துணை ஆசிரியர். 1950இலிருந்து சோவியத் ரஷ்யாவின் வரலாற்றைத் தொகுதி தொகுதியாக வெளியிடத் தொடங்கி, 14 தொகுதிகளாக 1978இல்தான் முடித்தார். 1955 முதல் டிரினிட்டி கல்லூரியில் ஆய்வாளர். அந்தக் கல்லூரிக்கு 1940 முதல் 1951 வரை தலைவராக இருந்தவர் டிரெவெல்யன்.

ஆகவே கார் வெளியாள் அல்லர், முழுக்க உள்ளாளும் அல்லர். ஒரே ஊர், ஒரே கல்லூரி. ஆனால் அலுவலகக் கோப்புகளை எழுதியவர், பத்திரிகைத் தலையங்கம் எழுதியவர், 68 வயது வரை அரசியல் சண்டைகளைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். ஆவணம் என்பது எப்படி உருவாகிறது என்பதைக் காப்பகத்தில் உட்கார்ந்து தெரிந்துகொண்டவர்கள் பலர் இருப்பார்கள். இவர் அதை உருவாக்கும் மேசையில் உட்கார்ந்து தெரிந்துகொண்டவர். அவர் எடுத்த தலைப்பையும் நான் முக்கியமாகக் கருதுகிறேன். லெனின் பற்றியோ ரஷ்யப் புரட்சி பற்றியோ பேசியிருந்தால் ஒரு மதிப்பான உரை கிடைத்திருக்கும், அந்தத் துறைக்காரர்கள் வந்து கேட்டுவிட்டுப் போயிருப்பார்கள். வரலாறு என்றால் என்ன என்று கேட்டபோது அரங்கில் இருந்த ஒவ்வொரு ஆசிரியரும் மாணவரும் தன் வேலைக்குப் பதில் சொல்லவேண்டியவர் ஆனார்.

தொடக்கமே கேம்பிரிட்ஜ் வீட்டுக்குள்ளிருந்துதான். 1896இல் கேம்பிரிட்ஜ் நவீன வரலாற்று வரிசையைத் திட்டமிட்ட ஆக்டன் பிரபு, முழுமையான, இறுதியான வரலாறு இந்தத் தலைமுறையில் முடியாவிட்டாலும் அதை நோக்கித்தான் போய்க்கொண்டிருக்கிறோம் என்று நம்பிக்கையோடு அறிக்கை எழுதியிருந்தார். அதே வரிசையின் புதுப் பதிப்புக்கு 1957இல் முன்னுரை எழுதிய ஜார்ஜ் கிளார்க், அப்படி ஒரு இறுதி வரலாறு வரப்போவதில்லை, ஒவ்வொரு தலைமுறையும் திருத்தி எழுதிக்கொண்டேதான் இருக்கும் என்றார். ஒரே பல்கலைக்கழகம், ஒரே வரிசை, இடையில் 60 ஆண்டுகள். கார் இந்த இரண்டையும் எதிரெதிரே வைத்து, இடையில் என்ன உடைந்தது என்று கேட்டுத்தான் பேச்சையே தொடங்கினார்.

300 பெட்டிகள்

முதல் உரையில் வரும் ஒரு எடுத்துக்காட்டைச் சற்று விரித்துச் சொல்கிறேன். பொதுச் சொற்பொழிவில் ஒரு சான்றை எப்படிக் கையாளவேண்டும் என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் காட்டுவது இதைத்தான்.

குஸ்தாவ் ஸ்ட்ரெசெமான் ஜெர்மனியின் வெளியுறவு அமைச்சராக ஆறு ஆண்டுகள் இருந்து 1929இல் இறந்தார். அவர் விட்டுப்போன காகிதங்கள் 300 பெட்டிகள். அவருடைய செயலாளர் பெர்ன்ஹார்ட் அவற்றிலிருந்து பொறுக்கி, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 600 பக்கம் கொண்ட மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். எதைப் பொறுக்கினார்? மேற்கு ஐரோப்பிய நாடுகளோடு ஸ்ட்ரெசெமான் நடத்திய பேச்சுவார்த்தைகளை. அவைதான் வெற்றி பெற்றன, உலகம் பாராட்டியதும் அவற்றைத்தான். சோவியத் நாட்டோடு நடந்த நீண்ட, பெரிதாகப் பலன் தராத பேச்சுகளுக்கு அதில் இடம் குறைந்தது. 1935இல் சட்டன் என்பவர் அதை ஆங்கிலத்தில் சுருக்கினார். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போயிற்று. போனதில் சோவியத் பகுதி இன்னும் மெலிந்தது. ஆங்கிலத்தில் மட்டும் படிப்பவருக்கு ஸ்ட்ரெசெமான் என்பவர் மேற்கை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த அமைச்சராகத் தெரிவார். 1945இல் அசல் பெட்டிகள் பிரிட்டிஷ், அமெரிக்க அரசுகளின் கைக்கு வந்து, படமெடுத்துக் காப்பகங்களில் வைக்கப்பட்டதால்தான் இன்று யாரும் சரிபார்க்க முடிகிறது. அவை குண்டுவீச்சில் எரிந்து, பெர்ன்ஹார்டின் தொகுதிகளும் காணாமல் போயிருந்தால் சட்டனின் சுருக்கமே மூல ஆவணம் என்ற மரியாதையைப் பெற்றிருக்கும்.

இவ்வளவோடு நிறுத்தியிருந்தால் தொகுப்பாளர்கள் மேல் குறை சொன்னதாக முடிந்திருக்கும். கார் இன்னொரு படி இறங்குகிறார். அசல் பெட்டியையே திறப்போம். சோவியத் வெளியுறவு அமைச்சர் சிச்செரினோடு நடந்த உரையாடல்களின் குறிப்புகள் அதில் இருக்கின்றன. எல்லாவற்றிலும் ஸ்ட்ரெசெமான் நிறையப் பேசுகிறார், தெளிவாகப் பேசுகிறார், வாதத்தில் வெல்கிறார். சிச்செரின் குறைவாகப் பேசுகிறார், குழப்பமாகப் பேசுகிறார். குறிப்பை எழுதியது யார்? ஸ்ட்ரெசெமான் தரப்பு. மாஸ்கோவில் சிச்செரின் எழுதி வைத்த குறிப்பு கிடைத்தால் அதில் அவர்தான் வென்றிருப்பார். உண்மையில் என்ன நடந்தது என்பதை ஆவணம் சொல்லவில்லை. நடந்ததாக ஸ்ட்ரெசெமான் நினைத்ததை, அல்லது பிறர் நினைக்கவேண்டும் என்று விரும்பியதைச் சொல்கிறது.

இதை வகுப்பில் சொல்லும்போது நான் ஜெர்மனிக்குப் போவதில்லை. ஏதாவது ஒரு சங்கத்தின் பழைய தீர்மான நோட்டைக் கொண்டுவந்து மேசைமேல் வைப்பேன். தடித்த காலிகோ அட்டை, கோடு போட்ட தாள், ஒவ்வொரு கூட்டத்தின் கீழும் ஊதா மையில் கையெழுத்துகள். ‘செயலாளர் விளக்கமளித்தார். உறுப்பினர்கள் திருப்தி தெரிவித்தனர்.’ பக்கத்துக்குப் பக்கம் இதே வரி. இந்த நோட்டை எழுதியது யார் என்று கேட்பேன். செயலாளர் என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வரும். அந்தக் கணத்தில் 300 பெட்டிகளும் அவர்கள் கைக்கு வந்துவிடும்.

கார் முழுத் தொடரிலும் இந்த வழியையே கடைப்பிடித்தார். தத்துவம் பேச வேண்டிய இடத்தில் தெருவைக் காட்டினார். காரணகாரியம் பற்றிய நான்காம் உரையில் ஜோன்ஸ் என்ற ஒருவர் விருந்தில் வழக்கத்தைவிடக் கூடுதலாகக் குடித்துவிட்டு, பிரேக் சரியில்லாத காரில், எதிரே வருவது தெரியாத திருப்பத்தில் திரும்பி, ராபின்சன் மேல் மோதுகிறார். ராபின்சன் சிகரெட் வாங்கச் சாலையைக் கடந்தவர். இறந்துபோகிறார். காரணம் எது? குடியா, பிரேக்கா, திருப்பமா? ராபின்சனுக்குச் சிகரெட் பழக்கம் இல்லாவிட்டால் அவர் செத்திருக்கமாட்டார், ஆகவே சிகரெட்தான் காரணம் என்று ஒருவர் வாதாடினால் என்ன சொல்வீர்கள்? மற்ற காரணங்களிலிருந்து நாளை இன்னொரு விபத்தைத் தடுக்கப் பாடம் எடுக்கலாம், சிகரெட்டிலிருந்து எடுக்க முடியாது என்பது அவர் பதில். அந்தப் பதிலை ஏற்காதவர்கள் உண்டு. ஆனால் அரங்கைவிட்டுப் போனவர் யாரும் ராபின்சனை மறந்திருக்கமாட்டார்.

மேடைக்கு மேடை

பேச்சுகளைத் தனித்தனி நிகழ்ச்சியாக எண்ணுவது நம் வழக்கம். இந்த நிகழ்வைக் கூர்ந்து பார்த்தபோது, சொற்பொழிவுகள் ஒன்றுக்கொன்று பதில் சொல்லிக்கொண்டு ஊர்விட்டு ஊர் போவதைக் கண்டேன்.

1953 மே மாதம் லண்டன் பொருளியல் கல்லூரியில் தத்துவ அறிஞர் ஐசையா பெர்லின் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். வரலாற்றில் நடந்தவையெல்லாம் நடந்தே தீரவேண்டியவை என்ற கருத்தை அதில் கடுமையாக எதிர்த்தார். தனிமனிதர் தெரிந்தே செய்ததற்கு அவரே பொறுப்பு, வரலாற்றாசிரியர் அதைச் சொல்லத் தயங்கக்கூடாது என்றார். காரின் 1961 உரைகள் பெருமளவுக்கு அந்த உரைக்குப் பதில். எட்டு ஆண்டு தள்ளி, இன்னொரு ஊரில், இன்னொரு மேடையில்.

ஆக்ஸ்ஃபோர்டில் ஃபோர்டு சொற்பொழிவுகள் என்று பழைய வரிசை ஒன்று இருக்கிறது. காருக்குச் சற்று முன்னால் அதில் பேசிய வரலாற்றாசிரியர் கிட்சன் கிளார்க், 1850இல் ஸ்டேலிபிரிட்ஜ் என்ற ஊர்த் திருவிழாவில் இஞ்சி ரொட்டி விற்றவர் ஒருவரை, ஏதோ அற்பத் தகராறில், கூட்டம் உதைத்தே கொன்ற செய்தியைச் சொன்னார். யாரும் அதிகம் படிக்காத ஒரு நினைவுக்குறிப்பில் கிடந்த செய்தி அது. கார் அதை எடுத்துக்கொண்டு கேட்டார்: இது வரலாற்று உண்மையா? நேரில் பார்த்ததாக ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். ஆனால் வரலாற்று உண்மை என்ற சங்கத்தில் உறுப்பினராக இப்போதுதான் முன்மொழியப்பட்டிருக்கிறது, வழிமொழிய ஆள் வேண்டும். இன்னும் 20, 30 ஆண்டுகளில் யாராவது எடுத்தாண்டால் நூலின் அடிக்குறிப்பிலிருந்து உடலுக்கு ஏறலாம், இல்லாவிட்டால் திரும்பவும் மறதிக்குள் போய்விடலாம். கிட்சன் கிளார்க்கின் உரைகள் நூலாக வந்தது 1962இல்தான். அச்சுக்கு வருமுன்பே ஒரு மேடையின் செய்தி இன்னொரு மேடையில் சோதனைக்கு வந்துவிட்டது. அந்த ரொட்டிக்காரரின் பெயர் யாருக்கும் தெரியாது. ஆனால் அவர் அடிபட்டு இறந்தது அடிக்குறிப்பைத் தாண்டி வந்துவிட்டது. வழிமொழிந்தவர் கார்தான்.

உரைகள் பி.பி.சி. வானொலியின் ‘மூன்றாம் நிகழ்ச்சி’ என்ற அலைவரிசையில் சுருக்கமாக ஒலித்தன. ‘தி லிஸனர்’ இதழ் 1961 ஏப்ரல், மே மாதங்களில் அச்சிட்டது. மேக்மில்லன் அதே ஆண்டு நூலாக்கியது, 1964இல் பெங்குவின் மலிவுப் பதிப்பு வந்தது. இந்த வேகத்தைக் கவனிக்கவேண்டும். பேசி முடித்த அடுத்த மாதமே, அரங்குக்கு வராதவர் கையில் பேச்சு எழுத்தாகக் கிடைக்கிறது. பெர்லின் மே மாதமே லிஸனருக்குக் கடிதம் எழுதி, தான் சொன்னதைக் கார் திரித்துவிட்டார் என்று சண்டைக்கு வந்துவிட்டார். கார் பதில் எழுதினார், பெர்லின் திரும்ப எழுதினார். 1962 ஜனவரியில் ‘நியூ ஸ்டேட்ஸ்மன்’ இதழில் பெர்லினின் மதிப்புரை. அதே ஆண்டு மே மாதம் ‘என்கவுன்ட்டர்’ இதழில் ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் ஹ்யூ டிரெவர்-ரோப்பரின் கடுமையான தாக்குதல். 1967இல் அதே கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜெஃப்ரி எல்டன், வரலாற்றாசிரியரின் தொழில்நெறி பற்றித் தானே ஒரு நூல் எழுதி, காரை அதில் வரிந்துகட்டிக்கொண்டு எதிர்த்தார். ஆவணத்துக்குள் மூழ்கு, அது பேசும், உன் காலத்தின் கேள்விகளை அதன்மேல் ஏற்றாதே என்பது எல்டன் பக்கம். இன்று வரலாற்று வரைவியல் வகுப்பில் காரும் எல்டனும் இரட்டைப் பெயராகவே வருகிறார்கள். எதிர்த்தவர்தான் அந்தச் சொற்பொழிவைக் காப்பாற்றிக் கொடுத்தார் என்றுகூடச் சொல்வேன்.

இதே வழி நல்லதற்கு மட்டும் பயன்படும் என்று எண்ணவேண்டாம். 1963இல் டிரெவர்-ரோப்பர் சஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் தொடர் உரை ஆற்றினார். பி.பி.சி. தொலைக்காட்சி ஒளிபரப்பியது, லிஸனர் அச்சிட்டது, பிறகு நூலும் வந்தது. அதில்தான் ஆப்பிரிக்காவில் ஐரோப்பியரின் வரலாறு மட்டுமே உண்டு, மிச்சமெல்லாம் பெரும்பாலும் இருட்டு என்ற வாசகம் இருந்தது. அப்போது நைஜீரியாவின் இபாதான் பல்கலைக்கழகத்தில் கென்னத் டிக்கே போன்றவர்கள் நைஜர் கழிமுக வணிகத்தின் வரலாற்றை ஆய்ந்து நூலாகவே வெளியிட்டுவிட்டிருந்தார்கள். ஆப்பிரிக்க வரலாற்றாசிரியர்கள் அந்த ஒரு வாசகத்துக்குப் பல பத்தாண்டுகள் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பல்கலைக்கழக மேடையின் பெயரும் வானலையும் சேர்ந்தால் தவறும் அதே வேகத்தில் பரவும். திரும்பிப் பதில் சொல்பவருக்கு அதே உயரத்தில் மேடை கிடைக்கிறதா என்பதுதான் நான் கேட்கும் கேள்வி.

நீதமின் பெயரைச் சொன்ன நாள்

ஆறாம் உரை எனக்கு மிகவும் பிடித்தது. விரியும் தொடுவானம் என்று அதற்குத் தலைப்பு. ஆசியாவும் ஆப்பிரிக்காவும் விழித்து எழுந்துகொண்டிருக்கும் காலத்தில் ஆங்கில நாட்டு வரலாற்றுப் படிப்பு இன்னும் தன் வீட்டு முற்றத்தையே சுற்றிச் சுற்றி வருகிறது என்பது அதில் காரின் குற்றச்சாட்டு. பொதுவாகச் சொல்லிவிட்டு நகர்ந்திருக்கலாம். அவர் கேம்பிரிட்ஜையே பெயர் சொல்லிக் கேட்டார். கடந்த பத்தாண்டுகளில் இந்த ஊரில் எழுதப்பட்ட மிகப் பெரிய வரலாற்று நூல் எது? ஜோசப் நீதம் எழுதிவரும், சீனாவின் அறிவியலும் நாகரிகமும் பற்றிய நூல் வரிசை. நீதம் உயிர்வேதியியல் அறிஞர். அந்த நூல் வரலாற்றுத் துறைக்கு முற்றிலும் வெளியே, துறையின் எந்த உதவியும் இல்லாமல் எழுதப்பட்டது. இதை நினைத்துப் பாருங்கள் என்றார்.

கூப்பிட்ட துறையின் மேடையில் நின்றுகொண்டு சொன்னார். தொடக்க உரையில் அறக்கட்டளையின் பெயருக்குரியவர், முடிவு உரையில் அறக்கட்டளையை நடத்தும் துறை. இரண்டையும் அவர் விடவில்லை. அவமதிக்கவும் இல்லை. டிரெவெல்யனைப் பெரிய விக் (இங்கிலாந்தின் பழைய தாராளவாதக் கட்சி) மரபு வரலாற்றாசிரியர்களில் கடைசியானவர் என்று மதிப்போடுதான் குறிப்பிட்டார், அந்த மரபில் வளர்ந்ததை அவரே தன்வரலாற்றில் ஒப்புக்கொண்டிருக்கிறார் என்பதையும் சேர்த்துச் சொன்னார். மரியாதையும் கேள்வியும் ஒரே மூச்சில் வரமுடியும் என்பதை நான் கற்றுக்கொண்டது இங்கேதான்.

காரைக் கோவிலில் வைத்துக் கும்பிடவேண்டும் என்று சொல்ல வரவில்லை. வரலாறு என்பது மனிதர் செய்தவற்றின் பதிவு, செய்யத் தவறியவற்றின் பதிவல்ல, அந்த அளவுக்கு அது வெற்றிக்கதைதான் என்று அவர் சொன்ன இடத்தில் நான் அவரோடு உடன்படமாட்டேன். பெர்லினும் டிரெவர்-ரோப்பரும் பிடித்துக்கொண்டதும் அந்த இடத்தைத்தான். தோற்ற கிளர்ச்சி, பறிபோன நிலம், எழுத்தறியாதவரின் வாய்மொழி இவற்றுக்கெல்லாம் அந்தச் சட்டகத்தில் இடம் எங்கே? ஆறு உரைகளிலும் பெண்கள் ஏறக்குறைய இல்லவே இல்லை. அவர் சொன்ன விதியை அவருக்கே வைத்துப் பார்த்தால், 1939இல் ஹிட்லரோடு சமரசம் செய்ததை ஆதரித்து எழுதி, போருக்குப் பிறகு வந்த பதிப்பில் அந்த வரிகளை நீக்கியவர் அவர். அதிகாரம் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கத்தை வரலாற்றின் திசையாக எண்ணும் பழக்கம் அவரிடம் இருந்தது. எழுதியவரைப் படி என்ற விதியை மேடையில் வைத்துவிட்டுப் போனவர் என்பதால்தான் இவற்றையெல்லாம் நாம் அவரிடமே கேட்கமுடிகிறது. அவரும் அந்த நூலைத் தொட்டுக்கொண்டேதான் இருந்தார். 1982இல் இறந்தபோது இரண்டாம் பதிப்புக்கு முன்னுரையும், ஏராளமான குறிப்புகளும் மிச்சம். ஆர்.டபிள்யூ.டேவிஸ் அவற்றைத் தொகுத்து 1987 பதிப்பில் சேர்த்தார்.

நம் பக்கம்

நமக்கும் இந்த மரபு புதிதல்ல. சென்னைப் பல்கலைக்கழகத்தின் சர் வில்லியம் மேயர் சொற்பொழிவுகளில் 1942-43இல் ஆர்.சி.மஜும்தார் கம்போடியாவின் பழைய அரசு பற்றிப் பேசினார். நான்கு ஆண்டுகள் கழித்து 1946-47இல் கே.ஏ.நீலகண்ட சாஸ்திரி அதே மேடையில் சுமத்ராவின் பழைய கடல் அரசான ஸ்ரீவிஜயத்தின் வரலாற்றைச் சொன்னார். யீஜிங் என்ற சீனத் துறவியின் பயணக்குறிப்பு, சுமத்ராவின் பழைய மலாய்க் கல்வெட்டுகள், ஆனைமங்கலச் செப்பேடு, முதலாம் இராசேந்திரனின் கடாரப் படையெடுப்பு எல்லாம் ஒரே கதைக்குள் வந்து சேர்ந்தன. பல்கலைக்கழகம் 1949இல் அதை நூலாக்கியது. சாஸ்திரியும் காரும் ஒரே ஆண்டில், 1892இல், பிறந்தவர்கள் என்பதைக் கவனித்தபோது எனக்கு ஏனோ மகிழ்ச்சியாக இருந்தது. அந்த உரைகள் இன்று நமக்குக் கிடைப்பது அச்சானதால்தான். அச்சானதால்தான் பிறகு வந்தவர்கள் அதைத் திருத்தவும் மறுக்கவும் முடிந்தது.

அச்சாகாதவற்றைப் பற்றித்தான் எனக்குத் துயரம். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கல்லூரியின் அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரைக் குடிமராமத்து பற்றிப் பேச அழைத்திருந்தோம். பத்தரை மணி நிகழ்ச்சி. வரவேற்புரை, தலைமையுரை, மூன்று வாழ்த்துரை, பொன்னாடை, நினைவுப் பரிசு. அவர் ஒலிபெருக்கி முன் நின்றபோது மணி பன்னிரண்டு ஐந்து. மதியச் சாப்பாட்டுக்கு மாணவர்கள் கலையத் தொடங்கினார்கள். அவர் ஒரு வார்த்தை குறைசொல்லவில்லை. இருபத்தைந்து நிமிடம் பேசிவிட்டு, மிச்சத் தாள்களை நான்காக மடித்து மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கும்பிட்டுவிட்டு இறங்கினார். யாரும் ஒலிப்பதிவு செய்யவில்லை.

போன ஆண்டு அவர் வீட்டுக்குப் போய் அந்தத் தாள்களைக் கேட்டேன். “எதுக்குங்கய்யா இப்போ?” என்றவர், பரண்மேலிருந்து எடுத்துவரச் சொன்னார். 31 தாள், நீல மைப்பேனா, ஓரத்தில் சிவப்பு மையில் திருத்தம். மேடையில் 19ஆம் தாளோடு நிறுத்தியிருக்கிறார். 27ஆம் தாளில் ஒரு பத்தியைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் போட்டிருந்தது. நாம் இப்போது உட்கார்ந்திருக்கும் இந்த அரங்கம் ஏரியின் உள்வாயில் நிற்கிறது, பழைய கிராம வரைபடத்தில் புல எண்ணைப் பார்க்கலாம், சைக்கிள் நிறுத்தத்துக்குப் பின்னால் சாய்ந்து கிடக்கும் இரண்டு கல்தூண்கள் மதகுக்கற்கள், இந்தத் துறை முதலில் எழுதவேண்டிய வரலாறு இதுதான் என்று எழுதியிருந்தார்.

அந்தக் கற்கள்மேல் நாங்கள் ஆண்டுக்கணக்காக ஈரக் குடையைக் காயவைத்திருக்கிறோம்.

31 தாள்களையும் இரண்டாமாண்டு மாணவிகள் நான்கு பேர் தட்டச்சு செய்து முடித்துவிட்டார்கள். அவர்களில் ஒருத்தி 27ஆம் தாளோடு ஒத்துப்போகவில்லை. தூண்களில் பலகை இறக்கும் காடி இல்லை, அவை மதகுக்கல்லாக இருக்கமுடியாது, சுமைதாங்கியாக இருக்கலாம் என்கிறாள். அளவெடுத்து, படம் வரைந்து வைத்திருக்கிறாள். ஐயாவிடம் காட்டினோம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். “அப்போ ஏரிக்கரை எங்கே போச்சு, அதைக் கண்டுபிடிச்சிட்டு வந்து சொல்லும்மா” என்றார். தாலுகா அலுவலகத்தில் வரைபட நகலுக்கு மனு கொடுத்திருக்கிறோம். இந்த ஆண்டுச் சொற்பொழிவின் அழைப்பிதழில் இரண்டு பெயர்கள்: முதலில் ஐயா, 31 தாளும் படித்து முடிக்கும் வரை. அடுத்து அவள். வாழ்த்துரைகளை எடுத்துவிட்டோம்.